டீசலில் கரையும் உழைப்பு

மண்ணை விட்டு வந்த விவசாயிக்குக் கொழும்பில் கைகொடுத்த தொழில்களுள் வாகனம் ஓட்டுவதும் ஒன்று. ஊரில் லாண்ட்மாஸ்ரரும் நீர் இறைக்கும் இயந்திரமும் கையாண்டவருக்கு ஒரு பிக்கப் வாகனத்தைப் பழக்குவது பெரிய காரியமாக இருக்கவில்லை. வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் தங்கிவிட்ட எம்மவர் சிலர், விடியுமுன் பேலியகொடைச் சந்தைக்குப் போய் மரக்கறி ஏற்றிவந்து கடைகளுக்குக் கொடுத்துப் பிழைக்கின்றனர். 2009க்குப் பின் ஊர் திரும்பிய வேறு சிலர், தமது தோட்டத்து வெங்காயத்தையும் மிளகாயையும் முருங்கைக்காயையும் கொழும்புக்கு ஏற்றி அனுப்புகின்றனர். இரு சாராரையும் ஒரேவிதமாக அரிக்கின்ற செலவு டீசல்.

லீசிங் தவணை மாதம் ஒருமுறை வரும். ரயர் தேய்ந்த பின்னரே மாற்றவேண்டி வரும். டீசலோ நாள்தோறும் கை நீட்டும். சிறிது சிறிதாகப் போகின்ற காசாகையால், மாதக் கடைசியில் எவ்வளவு போயிற்று என்று பலருக்குத் தெரிவதில்லை.

டீசலை மிச்சம் பிடிக்கவும் வண்டியின் இழுவையைக் கூட்டவும் புதிதாக விலைகொடுத்து வாங்கவேண்டியது மிகக் குறைவு என்பதே எமது கருத்து. செய்யவேண்டியவை இரண்டு. இருக்கின்ற இயந்திரத்தைச் சீராக வைத்திருப்பது ஒன்று. வெறும் வண்டி ஓடாதபடி அயலவருடன் கூடி ஓடுவது மற்றது. முதலாவதைப் பற்றிக் கராஜ்களில் எல்லோரும் பேசுகின்றனர். அதைவிடப் பன்மடங்கு பயன் தருகின்ற இரண்டாவதைப் பற்றிப் பேசுவார் இல்லை.

தட்டுப்பாடு தந்த பாடம்

எரிபொருள் அருமையாவது எமது மக்களுக்குப் புதிய அனுபவம் அல்ல. 1990இல் போர் மீண்டும் மூண்டதும் வடக்குக்குப் பெற்றோலும் டீசலும் தடைசெய்யப்பட்டன. மண்ணெண்ணெய் மட்டும் பங்கீட்டில் ஓரளவு கிடைத்தது. அக்காலத்தில் யாழ்ப்பாணத்து மொறிஸ் மைனர்களும் ஒஸ்ரின் ஏ40 கார்களும் மண்ணெண்ணெயில் ஓடின. சில துளி பெற்றோலை விட்டு இயந்திரத்தை இயக்கி, அது சூடேறியதும் மண்ணெண்ணெயில் ஓடவிட்டனர். டீசல் வாகனங்களுக்கு மண்ணெண்ணெயுடன் வேறு எண்ணெய் கலந்து ஊற்றினர். 1995 ஒக்டோபர் 30ஆம் திகதி இரவு வலிகாமத்து மக்கள் வெளியேறியபோது உழவு இயந்திரங்களும் லாண்ட்மாஸ்ரர்களும் சைக்கிள்களும் சுமந்து சென்றவற்றை எமது வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள்.

அந்தக் கைவண்ணத்தை நாம் பெருமையுடன் பேசுகிறோம். பேசுவது நியாயமே. ஆனால், அதிலிருந்து தவறான பாடத்தைப் படித்துவிடக் கூடாது. டீசல் எரிபொருள் மாத்திரம் அன்று. பம்பின் உட்பகுதிகளுக்கு வழுவழுப்புத் தருகின்ற எண்ணெயும் அதுவே. மண்ணெண்ணெய் மெல்லியது, அந்த வழுவழுப்பு அதில் போதாது. அதனாற்றான் அன்று வேறு எண்ணெய் கலந்தனர். வேறு வழியில்லாத காலத்துக்கு அது சரி. டீசல் கிடைக்கும் காலத்தில், மலிவு என்று மண்ணெண்ணெய் கலந்தால், மிச்சம் பிடித்த காசைப்போலப் பல மடங்கு பம்ப் திருத்தத்துக்குப் போய்விடும். 2022 ஓகஸ்ற்றில் மண்ணெண்ணெய் விலை லீற்றருக்கு 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவாக ஏறியது; அதன்பின் அந்த மலிவும் முன்போல் இருக்கவில்லை.

அந்தத் தட்டுப்பாட்டுக் காலத்தின் உண்மைப் பாடம் வேறொன்று. அன்று ஊருக்குள் ஒரு லொறி புறப்பட்டால் நாலு வீட்டுச் சாமான் அதில் ஏறியது. சைக்கிள்கூட வெறும் கரியருடன் போவது அரிது. ஒரு துளியும் வீணாகக் கூடாது என்ற எண்ணம் தானாகவே மக்களைக் கூட்டிச் சேர்த்தது.

அதே பாடம் முழு நாட்டுக்கும் 2022இல் வந்தது. அவ்வாண்டு தொடக்கத்தில் 121 ரூபாவாக இருந்த ஒரு லீற்றர் ஓட்டோ டீசல், மார்ச்சில் 176, ஏப்ரலில் 289, மேயில் 400, ஜூன் இறுதியில் 460 ரூபா என ஏறியது. எரிபொருள் நிரப்பு நிலையங்களின் முன்னால் மக்கள் நாட்கணக்கில் நின்றனர். வரிசையிலேயே உயிர் விட்டவர்களும் உண்டு. ஜூலையில் வந்த கியூஆர் பங்கீடு 2023 செப்டெம்பரில்தான் நீங்கியது. விலை ஏறலாம், இறங்கலாம். எமது கையில் இல்லாத விலையைப் பற்றிக் கவலைப்படுவதிலும், எமது கையில் இருக்கின்ற செலவைக் குறைப்பது மேலானது.

இயந்திரம் கேட்பது காற்று

ருடொல்ப் டீசல் என்ற ஜெர்மானியப் பொறியியலாளர் 1892இல் இதற்கான உரிமைப் பத்திரத்துக்கு விண்ணப்பித்து, 1897இல் நன்கு இயங்கும் இயந்திரத்தைச் செய்து காட்டினார். அதன் தத்துவம் இன்றும் அதுவே. பெற்றோல் இயந்திரத்தைப் போல இதில் தீப்பொறி இல்லை. உள்ளே இழுத்த காற்றை ஏறத்தாழ இருபதில் ஒரு பங்காக அமுக்கும்போது அது கடுஞ்சூடாகிறது. அந்தச் சூட்டில் டீசலை மென்தூறலாகப் பீச்சினால் தானே தீப்பற்றுகிறது. ஆகவே டீசல் முழுதும் எரிவதற்கு மூன்று வேண்டும்: போதிய காற்று, நல்ல அமுக்கம், நுண்ணிய தூறல். இவற்றில் ஒன்று குறைந்தாலும் டீசல் எரியாமல் புகையாகப் போகும்.

புகைக்குழாயைப் பார்த்தே நோயை ஓரளவு அறியலாம். கறுத்த புகை வந்தால் காற்றுக்கு மிஞ்சிய டீசல் போகிறது; எயர் பில்ரர் எனப்படும் காற்று வடிகட்டி அடைபட்டிருக்கலாம், நோசில் ஒழுகலாம். நீலப் புகை வந்தால் எஞ்சின் ஒயில் எரிகிறது. சூடேறிய பின்னரும் வெள்ளைப் புகை நிற்காவிட்டால், டீசல் எரியாமல் வெளியேறுகிறது அல்லது குளிரூட்டும் தண்ணீர் உள்ளே கசிகிறது. கறுத்த புகையை வண்டியின் வலிமைக்கு அடையாளமாக எண்ணுவோர் உள்ளனர். அது காசு கொடுத்து வாங்கிய டீசல் கரியாகிப் போவதன் அடையாளம்.

வன்னிப் பாதைகளின் செம்புழுதியில் ஓடிவந்த வண்டியின் எயர் பில்ரரை, கொழும்பில் மட்டும் ஓடுகின்ற வண்டியினதைப் போல் விட்டுவைக்க முடியாது. அடிக்கடி கழற்றிப் பார்த்து, காலம் சென்றதை மாற்றவேண்டும். டீசல் பில்ரரில் தேங்கும் தண்ணீரை அவ்வப்போது வடித்துவிட வேண்டும். நோசில்களைப் பரிசோதிக்கத் தெரிந்த இடத்தில் கொடுத்து அவற்றின் அமுக்கத்தையும் தூறலையும் பார்த்துக்கொள்ள வேண்டும். புதிய வண்டிகளில் கொமன் றெயில் முறையில் டீசல் மிக உயர்ந்த அமுக்கத்தில் பீச்சப்படுகிறது. அவற்றில் கைத்திறன் மட்டும் போதாது, கணினிப் பரிசோதனையும் வேண்டும்.

இன்னொன்றைச் சொல்லவேண்டும். எமது நாடு வெப்ப நாடு என்று காரணம் கூறி, தேர்மோஸ்ரற் என்ற சிறு உறுப்பைக் கழற்றி எறிந்துவிடும் வழக்கம் கராஜ்களில் உண்டு. இயந்திரம் உரிய சூட்டை அடைந்து அதிலேயே நிற்பதற்காக வைக்கப்பட்ட உறுப்பு அது. அதை எடுத்துவிட்டால் இயந்திரம் குளிர்ந்தபடியே ஓடும், டீசல் கூடப் போகும், தேய்வும் கூடும். பழுதானால் புதியதைப் போடுவதே முறை.

சக்தி விற்பவர்கள்

வண்டிக்கு இழுவை போதவில்லை என்றதும் பலர் நாடுவது பம்பைக் கூட்டி வைப்பதையே. பழைய பம்புகளில் ஓர் ஆணியைத் திருகினால் டீசல் கூடுதலாகப் போகும். இழுவையும் சிறிது கூடும். ஆனால், காற்று கூடவில்லையே. காற்றின் எல்லை தாண்டியதும் மிகுதி டீசல் கறுத்த புகையாகும். புகைக்குழாய் வழிச் சூடு ஏறும். ஈற்றில் பிஸ்ரனும் வால்வும் பாதிக்கப்படும். புதிய வண்டிகளின் கணினிக் கட்டளையை மாற்றி வலுக் கூட்டுவதும் இதே வகையே. சுமை ஏற்றி உழைக்கின்ற வண்டிக்கு, தயாரிப்பாளர் வைத்த எல்லையை மீறுவது கிளட்சுக்கும் கியருக்கும் கேடு. ரேபோ பூட்டி வந்த இயந்திரத்துக்கு வலு எப்படி வருகிறது என்று பார்த்தால் விடயம் விளங்கும். வீணே வெளியேறும் புகையின் விசையைக்கொண்டு அது கூடுதல் காற்றை உள்ளே தள்ளுகிறது. முதலில் காற்று, பின்னரே டீசல்.

டீசல் குழாயில் பூட்டும் காந்தம், தாங்கியில் ஊற்றும் அதிசய மருந்து என்பனவற்றுக்குக் காசு கொடுக்குமுன் வாசகர்கள் ஒருமுறை யோசிக்கவேண்டும். பாதி டீசலை மிச்சப்படுத்தும் காந்தம் உண்மையிலேயே இருந்திருந்தால், வாகனம் செய்யும் கம்பனிகள் அதைத் தொழிற்சாலையிலேயே பூட்டி அனுப்பியிருக்கும். அதே காசைப் பஞ்சிகாவத்தையில் ஒரு நல்ல எயர் பில்ரருக்கும் டீசல் பில்ரருக்கும் கொடுத்தால் பயன் நிச்சயம்.

காசு கேட்காத வழிகளும் உண்டு. ரயரின் காற்றைக் காலையில், ஓடுமுன், வண்டிக் கதவோரம் எழுதியுள்ள அளவுக்குச் சரிபார்த்தல். பிறேக் இறுகிப் பிடித்தபடி சில்லு சுற்றுகிறதா என்று கவனித்தல். முன்சில்லுகளின் நேர்சீரைப் பார்த்தல். தேவையற்ற இரும்பையும் பழைய சாமானையும் பெட்டியிலிருந்து இறக்கிவைத்தல். படங்கைக் காற்றில் அடிக்கவிடாமல் இழுத்துக் கட்டுதல். காலி வீதியின் நெரிசலில் முன்னுள்ள வண்டியைத் துரத்தி ஓடிப் பின் பிறேக் அடிப்பதை விட்டு, இடைவெளி விட்டு மெல்ல ஓடுதல். கடை வாசலில் சாமான் இறக்கும் அரை மணித்தியாலமும் இயந்திரத்தை ஓடவிடாமல் நிறுத்துதல்.

நீண்ட பாதையில் வேகமே பெரிய கள்வன். காற்றின் எதிர்ப்பு வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடும். மணிக்கு 80 கிலோமீற்றரிலிருந்து 100க்கு ஏற்றினால் அந்த எதிர்ப்பு ஒன்றரை மடங்குக்கும் சிறிது மேலாகிறது. 1973இன் எண்ணெய் நெருக்கடிக்குப் பின் அமெரிக்கா 1974இல் நெடுஞ்சாலை வேகத்தை மணிக்கு 55 மைலாகக் கட்டுப்படுத்தியது இக்காரணத்தினாலேயே. எண்ணெய் நிறைந்த செல்வ நாடே வேகத்தைக் குறைத்தது என்றால், கடன்பட்டு வண்டி எடுத்த நாம் குறைப்பதில் வெட்கம் இல்லை.

இது காசைப் பற்றிய விடயம் மாத்திரமும் அல்ல. டீசல் புகை புற்றுநோயை உண்டாக்கும் என உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2012இல் வகைப்படுத்தியது. வருமான அனுமதிப்பத்திரம் எடுக்கப் புகைப் பரிசோதனைச் சான்று வேண்டும் என்ற ஒழுங்கும் நாட்டில் உண்டு. அந்த ஒருநாள் பரிசோதனைக்காக மட்டும் பம்பைக் குறைத்து, மறுநாள் கூட்டிவைப்பவர் யாரை ஏமாற்றுகிறார்? கொட்டாஞ்சேனையின் ஒடுங்கிய ஒழுங்கைகளில், வீதியோரத்து மேல்மாடி அறைகளில் குடியிருப்பவை எமது குடும்பங்களும்தான். அந்தப் புகையைச் சுவாசிப்பவை எமது பிள்ளைகளும்தான்.

வெறும் வண்டியின் கணக்கு

இனி இரண்டாவது விடயத்துக்கு வருவோம். யாழ்ப்பாணத்துக்கும் கொழும்புக்கும் இடையே ஏறத்தாழ 400 கிலோமீற்றர். ஒரு பிக்கப் லீற்றருக்கு 10 கிலோமீற்றர் ஓடுகிறது என்று உதாரணத்துக்கு வைத்துக்கொள்வோம். போய்வர 80 லீற்றர் வேண்டும். ஓர் ஊரில் இரு குடும்பங்கள் தனித்தனியே தமது வண்டிகளில் 400 கிலோ வெங்காயம் கொண்டுபோய், வெறும் வண்டியுடன் திரும்புகின்றன. 800 கிலோவுக்கு 160 லீற்றர். ஒரு கிலோ வெங்காயத்தின் தலையில் 200 மில்லிலீற்றர் டீசல். 2022 ஜூன் விலையில் அது 92 ரூபா.

இரு வண்டிகளையும் நன்றாகத் திருத்தி, மெதுவாக ஓடி, பத்தில் ஒரு பங்கு டீசலை மிச்சம் பிடித்தால், கிலோவுக்கு 180 மில்லிலீற்றர் ஆகும். அதே விலையில் ஏறத்தாழ 83 ரூபா. நல்லது. ஆனால், இரு குடும்பங்களின் 800 கிலோவையும் ஒரே வண்டியில் ஏற்றினால் கிலோவுக்கு 100 மில்லிலீற்றர், 46 ரூபா. அந்த வண்டி திரும்பும்போது யாழ்ப்பாணக் கடைகளுக்கான சாமான் 800 கிலோ ஏற்றிவந்தால், கிலோவுக்கு 50 மில்லிலீற்றர், 23 ரூபா. சுமை கூடும்போது டீசல் சற்றுக் கூடத்தான் செய்யும். ஆனால் இந்தக் கணக்கைத் தலைகீழாக்கும் அளவுக்கு அல்ல. எந்த மெக்கானிக்காலும், எந்த மருந்தாலும் தரமுடியாத இலாபம் இது.

வண்டி லீற்றருக்கு எத்தனை கிலோமீற்றர் ஓடுகிறது என்று கேட்பதே எமது வழக்கம். அதனுடன், ஒரு லீற்றரில் எத்தனை கிலோ பொருள் சந்தை சேர்ந்தது என்றும் கேட்கப் பழகவேண்டும். டிமோ பட்டா என்று நாம் அழைக்கும் சிறிய வண்டி முதல் பெரிய பிக்கப் வரை எல்லாவற்றுக்கும் இது பொருந்தும். கொழும்புக்குள்ளும் அப்படியே. வெள்ளவத்தையின் அடுத்தடுத்த தெருக்களிலிருந்து மூன்று வண்டிகள் ஒரே விடியலில் பேலியகொடைக்குப் போய், மூன்றும் அரைவாசிச் சுமையுடன் திரும்புவதால் யாருக்கு இலாபம்?

கூடி ஓடுதல் என்றால் அளவுக்கு மீறிச் சுமை ஏற்றுதல் என்று யாரும் விளங்கிக்கொள்ளக் கூடாது. வண்டிக்கு விதித்த எடைக்கு மேல் ஏற்றினால் பிறேக் பிடிக்காது, ரயர் வெடிக்கும், உயிருக்கே ஆபத்து.

நம்பிக்கை என்ற முட்டுக்கட்டை

இதற்கு மறுப்புகள் உண்டு என்பதை அறிவோம். அவசரமாக விற்கவேண்டிய பொருள் மற்றவருக்காகக் காத்திருக்குமா என்பர். கீரையும் தக்காளியும் காத்திரா; ஆனால் வெங்காயமும் செத்தல் மிளகாயும் தேங்காயும் ஒரு நாள் தாமதித்தால் கெட்டுவிடா. எதைக் கூட்டி ஏற்றலாம், எதைத் தனியே உடன் அனுப்பவேண்டும் என்று பிரித்துக்கொள்ளலாம்.

உண்மையான முட்டுக்கட்டை நம்பிக்கையின்மையே. யாருடைய மூட்டை முதலில் விலைப்பட்டது, யார் எடை குறைத்தார், பழுதுக்கு யார் கொடுப்பது என்று வரும் சச்சரவுகள் பல கூட்டு முயற்சிகளைக் கவிழ்த்திருக்கின்றன. பல தடவை இடம்பெயர்ந்த மக்கள், பழைய அயலை இழந்து, முன்பின் அறியாதோர் நடுவே வாழ்பவர்கள். அவர்களை எடுத்த எடுப்பில் நம்பச் சொல்வது நியாயமும் அல்ல. ஆகவே நம்பிக்கையைக் கேட்குமுன் கணக்கை வைப்போம். ஏற்றும்போதே ஒவ்வொருவரின் மூட்டையையும் நிறுத்து அடையாளமிட்டுக் கொப்பியில் எழுதுதல்; டீசல் செலவைக் கிலோவின்படி பிரித்தல்; ஒவ்வொரு ஓட்டத்திலும் ஒரு சிறு தொகையைத் திருத்த வேலைக்கென ஒதுக்குதல்; கணக்கைக் கிழமைக்கு ஒருமுறை எல்லோர் முன்னும் வாசித்தல். தாங்கியை நிரப்பும் ஒவ்வொரு தடவையும் ஓடிய தூரத்தையும் ஊற்றிய லீற்றரையும் அதே கொப்பியில் எழுதினால், வண்டியின் நோயும் முன்கூட்டியே தெரியவரும். எமது பலநோக்குக் கூட்டுறவுச் சங்கங்கள் பங்கீட்டுக் காலத்தில் ஊரைத் தாங்கின என்றால், அவற்றின் பலம் இவ்வாறான கொப்பிகளிலேயே இருந்தது.

இவ்விடத்தில் திருச்சபைகளுக்கும் உதவி நிறுவனங்களுக்கும் ஒரு சொல். போருக்குப் பின் வாகனங்களும் உழவு இயந்திரங்களும் நீர் இறைக்கும் இயந்திரங்களும் எமது மக்களுக்குக் கிடைத்தன. அவற்றைப் பேணும் அறிவும் அதற்கான நிதியும் அதே அளவில் கிடைக்கவில்லை. புதிய வண்டி ஒன்றைக் கையளிக்கும் விழாவுக்குப் பதிலாக, பங்கு மண்டபத்தில் மாதம் ஒரு சனிக்கிழமை, எம்மவருள் இருக்கும் அனுபவமிக்க மெக்கானிக் ஒருவரைக்கொண்டு பில்ரரும் ரயரும் புகையும் பார்க்கும் நாளை ஒழுங்குசெய்தால் நல்லது. கொழும்புக்குப் போகும் வண்டி எது, திரும்பும் நாள் எது, இடம் எவ்வளவு என்று எழுதும் ஒரு பலகையை ஆலய வாசலில் வைத்தால் அதனிலும் நல்லது. அதற்குச் செல்வது ஒரு பலகையின் விலை மட்டுமே.

ஐந்து அப்பங்களால் ஐயாயிரம் பேர் பசியாறிய பின், மீந்த துண்டுகளை வீணாக்காமல் சேர்க்கச் சொன்னார் ஆண்டவர். சேர்த்தவை பன்னிரண்டு கூடைகள். நிறைவான வேளையிலும் மிச்சத்தைப் பொறுக்கவேண்டும் என்பது அந்நிகழ்ச்சியின் படிப்பினை. குறைவுள்ள வேளையில் அது எத்துணை அவசியம்!

1990இல் வலிகாமம் வடக்கிலிருந்து வெளியேறிய குடும்பங்களுள் இன்னும் தமது காணிக்குத் திரும்ப முடியாதோர் உள்ளனர். திரும்பியவர்களுக்கும் பற்றை வெட்டக் காசு வேண்டும், கிணறு இறைக்கக் காசு வேண்டும், முதற்போகத்து விதைவெங்காயத்துக்குக் காசு வேண்டும். அந்தக் காசைத் தருவதற்கு யாரும் வழியில் காத்து நிற்கப் போவதில்லை. இரு குடும்பங்கள் ஒரே வண்டியில் ஏற்றிய ஓர் ஓட்டத்தில் மிஞ்சுவது 80 லீற்றர் டீசல். ஒரு போகத்தில் அத்தகைய ஓட்டங்கள் எத்தனை என்று வாசகர்களே தமது கொப்பியில் எழுதிப் பார்க்கட்டும்.